‘பெர்செர்க்’ மங்காவில் காஸ்காவின் கனவும் மனக்காய மீட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கதை, எந்தப் பகுதி?

கென்டாரோ மியூரா எழுதி வரைந்த ‘பெர்செர்க்’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 1989இல் ஜப்பானில் ஹகுசென்ஷா பதிப்பகத்தின் மாத இதழில் தொடங்கியது. 1992 முதல் ‘யங் அனிமல்’ இதழில் வருகிறது. கூலிப்படை வீரன் கட்ஸ், பருந்துப் படையின் தலைவன் கிரிஃபித், அதே படையின் பெண் தளபதி காஸ்கா ஆகிய மூவரைச் சுற்றி நடக்கும் டார்க் ஃபேண்டஸி கதை.

இங்கே பேசுவது 39ஆம் தொகுதியின் பிற்பகுதியில் தொடங்கி 40ஆம் தொகுதியில் முடியும் ‘கனவுத் தாழ்வாரம்’ பகுதியைப் பற்றி. மனம் சிதைந்து பேச்சிழந்து கிடக்கும் காஸ்காவின் கனவுக்குள் இரண்டு தோழிகள் இறங்கி, உடைந்த நினைவுத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாமே கீழே வெளிப்படும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் படித்தால் புரியுமா?

சம்பவம் புரியும், கனம் புரியாது. கனவில் வரும் ஒவ்வொரு பொருளும் முந்தைய தொகுதிகளில் நிஜமாக வந்து போனதுதான். முழுத் தொடரையும் படிக்க நேரமில்லாதவர்கள் 3ஆம் தொகுதியின் இறுதியிலிருந்து 14ஆம் தொகுதியின் தொடக்கம் வரை, பிறகு 17, பிறகு 21 முதல் 28 வரை, கடைசியாக 38 முதல் 41 வரை என்று போகலாம். இடையில் உள்ள கடற்பயணப் பகுதியை விட்டாலும் இந்த விஷயத்துக்குப் பெரிய நஷ்டமில்லை.

ஆங்கில டீலக்ஸ் பதிப்பில் மூன்று மூன்று தொகுதிகளாகச் சேர்த்திருப்பார்கள். காஸ்காவின் மனம் சிதையக் காரணமான கிரகணப் பகுதி (கீழே விளக்கியிருக்கிறோம்) டீலக்ஸ் 4, 5 இரண்டிலும் பரவியிருக்கிறது. கனவு தொடங்குவது டீலக்ஸ் 13இல்.

அனிமேயில் (அசைபட வடிவில்) தேட வேண்டாம். 1997 தொடர் கிரகணத்தோடு நிற்கிறது. 2012–2013இல் வந்த மூன்று படங்களும் கிரகணத்தில் முடியும் ‘பொற்காலம்’ என்ற பகுதிக்கு அப்பால் போகவில்லை. 2016–2017 தொடரும் கனவுச் சடங்கு நடக்கும் எல்ஃப்களின் தீவை எட்டுவதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. கனவுத் தாழ்வாரத்தை இப்போதைக்குப் பக்கங்களில் மட்டுமே பார்க்க முடியும்.

காஸ்காவுக்கு என்னதான் நேர்ந்தது?

12, 13ஆம் தொகுதிகளில் வரும் கிரகணம். ஓராண்டு சித்திரவதையில் உடல் முடமான கிரிஃபித், தன் லட்சியத்துக்காகத் தன் படை முழுவதையும் அசுரர்களுக்குப் பலி கொடுத்து ஃபெம்டோ என்ற பிறவியாக மாறுகிறான். மாறியதும் முதல் வேலையாக, கட்ஸின் கண்ணெதிரே காஸ்காவைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறான். அசுரனின் வாயில் சிக்கிய தன் இடக்கையைத் தானே அறுத்துக்கொண்டு கட்ஸ் அவளிடம் போக முயல்கிறான், முடியவில்லை. வலக்கண்ணையும் இழக்கிறான். மண்டையோட்டு வீரன் இருவரையும் மீட்டு வருகிறான்.

கண் விழித்த காஸ்காவுக்குப் பேச்சில்லை, யாரையும் அடையாளம் தெரியவில்லை. கட்ஸ் அருகில் வந்தால் மிரண்டு ஒதுங்குகிறாள். இந்த மிரட்சி அவள் விழித்த முதல் நாளிலேயே வரையப்பட்டிருக்கிறது. 40ஆம் தொகுதியில் மனம் திரும்பியும் அவள் கட்ஸைக் கண்டு அலறுவதைத் திடீர்த் திருப்பம் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்களை மறுபடி புரட்டிப் பார்க்க வேண்டும்.

கிரகணத்துக்கு முன்பே கட்ஸால் கருவுற்றிருந்த குழந்தை, ஃபெம்டோவின் தீண்டலால் கறைபட்டு, அசுரச் சிசுவாகக் குறைமாதத்தில் பிறக்கிறது. கனவின் கடைசிக் கட்டத்துக்கு இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனவுத் தாழ்வாரத்தில் என்ன நடக்கிறது?

ஸ்கெல்லிக் தீவில் எல்ஃப்கள் என்ற தேவதை இனத்தின் அரசி டனான், காஸ்காவின் கனவுக்குள் ஆட்களை அனுப்பும் சடங்கை நடத்துகிறாள். (ஸ்கெல்லிக் என்பது அயர்லாந்தின் தென்மேற்குக் கடலில் உள்ள பாறைத் தீவுகளின் பெயர். டனான் என்பதும் அயர்லாந்துத் தொன்மத்திலிருந்து எடுத்ததே.) கனவுக்குள் போகிறவர்கள் இருவர்: சூனியக்காரியின் சிஷ்யை ஷீர்கே, பயணம் முழுக்கக் காஸ்காவைக் கவனித்துக்கொண்ட ஃபர்னீஸ். கட்ஸ் வெளியே காத்திருக்கிறான்.

உள்ளே வெறிச்சோடிய பாழ்நிலம். காயம்பட்ட ஒரு நாய், சங்கிலியில் கட்டிய சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறது. பெட்டிக்குள் காஸ்காவின் உருவில் உடைந்த பொம்மை. அதன் துண்டுகள் நிலமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு நினைவு. கிடைக்கும்போதெல்லாம் அந்த நினைவு இரண்டு தோழிகளுக்கும் கண்முன் விரிகிறது. வழியில் கோரப் பிறவிகள் தாக்குகின்றன, நாயும் ஷீர்கேயும் ஃபர்னீஸும் எதிர்த்து நிற்கிறார்கள். கடைசித் துண்டான இதயம், முட்புதருக்குள் கரு வடிவில் அடைபட்டிருக்கிறது.

ஏன் நாய்? அது கட்ஸா?

ஆமாம், கட்ஸ்தான். ஆனால் எந்தக் கட்ஸ் என்பதில்தான் இந்தப் பகுதியின் முழு அழகும் இருக்கிறது.

கிரகணத்துக்குப் பின் கட்ஸின் மனதுக்குள் ஒரு கரிய வேட்டைநாய் குடியேறுகிறது. ‘இருளின் மிருகம்’ என்று வாசகர்கள் அழைப்பது அதைத்தான். பழிவாங்கு, தடையாக இருக்கும் இந்தப் பெண்ணை விட்டுத் தொலை, முடிந்தால் தின்றுவிடு என்று அது அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். 23ஆம் தொகுதியின் பயணத்தில் அந்தக் குரலுக்கு ஒரு கணம் இடங்கொடுத்து, கட்ஸே காஸ்காவிடம் வன்முறையாக நடந்துகொள்கிறான். சுயநினைவு வந்ததும் தன்னையே வெறுக்கிறான். அது முதல் தன் உள்ளே இருக்கும் நாயைத் தன் உண்மை முகமாகவே அவன் நினைக்கிறான்.

காஸ்காவின் கனவிலும் நாய்தான் வருகிறது. ஆனால் அது கடிக்க வரவில்லை. உடம்பெல்லாம் புண்ணோடு, அவளுடைய பெட்டியை விடாமல் இழுத்துப் போகிறது. வருகிறவற்றை எதிர்த்துச் சண்டை போடுகிறது. பேச்சும் நினைவும் இல்லாத அந்த ஆண்டுகளில் அவளுக்குள் ஏதோ ஒன்று அவனைச் சரியாகவே பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்குக் கதையில் உள்ள ஒரே சாட்சி இதுதான். கட்ஸுக்கு அது தெரியாது. கனவுக்குள் போனவர்கள் மட்டுமே பார்த்தார்கள்.

நாயின் ஊனத்தையும் கவனியுங்கள். அது முழு ஆற்றலுள்ள காவல் மிருகமாக வரையப்படவில்லை. தளர்ந்து, அடிபட்டு, ஆனாலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தன்னைக் காப்பவனே நொறுங்கிப்போயிருக்கிறான் என்பதும் அவள் மனதில் பதிந்திருக்கிறது.

சங்கிலிக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. பலரும் தாண்டிப் போகும் விவரம் இது. பயணத்தின் தொடக்கத்தில், ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் காஸ்காவைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறான் கட்ஸ். அவளைக் காப்பதும் அவளைக் கைதிபோல் நடத்துவதும் அந்த நாட்களில் ஒன்றாகவே நடந்தன. கனவில் அந்தக் கயிறு சங்கிலியாகிறது. கட்டப்பட்டிருப்பது பெட்டி மட்டுமல்ல, நாயும்தான். யார் யாரைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மியூரா வரைந்திருக்கிறார்.

சவப்பெட்டியும் பொம்மையும்?

சவப்பெட்டி சாவைச் சொல்கிறது என்பது மேலோட்டமான வாசிப்பு. இந்தக் கனவில் அதன் வேலை வேறு: மூடி வைத்திருப்பதால் உள்ளே இருப்பது மேலும் நொறுங்காமல் இருக்கிறது. மனக்காயம்பட்டவர்கள் உணர்ச்சியற்று, மரத்துப்போய் இருப்பதை வெளியிலிருந்து பார்த்தால் உயிரற்ற நிலையாகத் தெரியும். உள்ளே அதுவே பாதுகாப்பு ஏற்பாடு. உளவியலில் இதை ‘விலகல்நிலை’ என்பார்கள்: தாங்க முடியாத நேரத்தில் மனம் தன்னை உடலிலிருந்தும் நினைவிலிருந்தும் துண்டித்துக்கொள்வது.

பொம்மை, உடல் ஒரு பொருளாக்கப்பட்டதன் படம். பிறர் தன்னை என்ன செய்தார்களோ அதுவாகவே தன் கனவில் அவள் இருக்கிறாள். துண்டு துண்டாகக் கிடப்பதற்கு இன்னொரு வேரும் உண்டு. கிரகணத்தில் அவளுடைய தோழர்கள் எல்லாரும் அப்படித்தான் சிதைக்கப்பட்டார்கள்.

துண்டுகளில் நல்ல நினைவுகளும் இருக்கின்றன என்பது பலருக்கும் வியப்பு. ஆனால் அதுதான் சரி. சிறுமியாக இருந்தபோது ஒரு பிரபுவிடமிருந்து தப்ப கிரிஃபித் அவளிடம் வாளை எறிந்தான். அவளைக் காப்பாற்றியவனும் அவன்தான், அழித்தவனும் அவன்தான். அப்படியானால் அந்த நல்ல நினைவைக்கூட அவளால் நிம்மதியாகத் தொட முடியாது. வன்முறை செய்தவர் முன்பு அன்பு காட்டியவராக இருந்தால், கெட்ட நினைவோடு சேர்ந்து அந்தப் பழைய இனிய காலமும் பறிபோகும். அறிமுகமானவரால் பாதிக்கப்பட்டவர்கள் மீள்வதில் இது ஒரு தனிச் சிக்கல். கதை இதை வசனமாகச் சொல்லவில்லை, சிதறிய துண்டுகளாக வரைந்துவிட்டது.

முட்கள்?

ஜப்பானில் ‘உறங்கும் அழகி’ கதையை ‘முள் இளவரசி’ என்ற பெயரிலும் சொல்வார்கள். அந்தப் பின்னணி ஜப்பானிய வாசகருக்கு உடனே நினைவு வரும். ஆனால் அந்தக் கதையில் இளவரசன் வந்து முள்ளைக் கடக்கிறான். இங்கே கடப்பவர்கள் தோழிகள். காதலனுக்கு உள்ளே இடமே இல்லை.

முள் உள்ளே இருப்பதையும் காக்கிறது, எடுக்க வருகிற கையையும் கிழிக்கிறது. நடுவில் இருப்பதோ கரு வடிவம், அவள் இழந்த குழந்தையின் சாயல். அவளுடைய மிகப் பெரிய அன்பும் மிகப் பெரிய கொடுமையும் ஒரே உருவத்தில் பிணைந்திருப்பதால் அதை மட்டும் கடைசி வரை மறைத்து வைத்திருக்கிறாள். பௌர்ணமி இரவுகளில் வந்துபோகும் சிறுவன் யார் என்பது 364ஆம் அத்தியாயத்தில் தெரியவரும்போது இந்தப் படம் இன்னும் கனக்கிறது.

கனவுக் குறியீடுகளை நாமே வாசிக்க ஏதாவது முறை உண்டா?

கனவுப் பலன் நூல்களைப் போல ‘நாய் என்றால் விசுவாசம், முள் என்றால் துன்பம்’ என்று பட்டியல் போடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அதைவிட நன்றாக வேலை செய்யும் வழி இது.

முதலில் கனவில் வரும் பொருளை அர்த்தம் சேர்க்காமல் குறித்துக்கொள்ளுங்கள்: ‘நாய், காயம், சங்கிலி, இழுக்கிறது’. அடுத்து, அதே பொருள் விழிப்புநிலைக் காட்சிகளில் முன்பு எங்கே வந்தது என்று தேடுங்கள். பிறகு அது யாருடைய கண்ணில் தெரிகிறது என்று பாருங்கள். கட்ஸ் காணும் நாயும் காஸ்கா காணும் நாயும் ஒன்றல்ல என்று இந்தப் படியில்தான் பிடிபடும். கடைசியாக, என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். மாற்றத்தில்தான் பொருள் இருக்கிறது. வெளியே உள்ள தொன்மங்கள், உளவியலாளர் யுங் போன்றோரின் கோட்பாடுகள் எல்லாம் இந்த நான்கும் முடிந்த பிறகு. முதலிலேயே அவற்றைக் கொண்டுவந்தால் எந்தக் கதையைப் படித்தாலும் ஒரே விடைதான் வரும்.

மனம் திரும்பிய பிறகும் கட்ஸைப் பார்த்து ஏன் அலறினாள்? அவனை வெறுக்கிறாளா?

வெறுக்கவில்லை. விழித்ததும் அவள் தோழிகளை அடையாளம் கண்டு பேசுகிறாள். கட்ஸைப் பார்க்க அவளேதான் போகிறாள். அவன் முகத்தைக் கண்ட கணத்தில் கிரகணம் முழுவதும் கண்முன் எழுந்துவிடுகிறது. நினைவாக வந்தால் ‘அன்று நடந்தது’ என்று தோன்றும். இது அப்படியல்ல, ‘இப்போது நடக்கிறது’ என்று உடல் நம்பிவிடுகிறது. இதைத்தான் ஃபிளாஷ்பேக் என்கிறோம். அதைத் தூண்டிவிடும் பொருளோ ஆளோ கெட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சம்பவம் நடந்த இடத்தில் இருந்திருந்தால் போதும். கட்ஸ் அங்கே இருந்தான். அவள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களில் அவனுடையதும் ஒன்று.

20 ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் காத்திருந்த சந்திப்பு இது. மியூரா அதைத் தழுவலில் முடிக்கவில்லை. இந்தத் தொடரிலேயே மிக நேர்மையான முடிவு இதுதான் என்பது எங்கள் கருத்து. நினைவு திரும்புவதற்கும் குணமாவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது. பயணத்தின் நடுவிலேயே மண்டையோட்டு வீரன் கட்ஸை எச்சரித்திருந்தான்: நீ விரும்புவதையே அவளும் விரும்புவாள் என்று நினைக்காதே என்ற பொருளில். அவளைக் குணமாக்குவது கட்ஸின் லட்சியமாக இருந்தது. அவளிடம் கேட்க வழியும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கட்ஸுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறதே?

ஆமாம், அதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். சிறுவனாக இருந்தபோது அவன் வளர்ப்புத் தந்தை காம்பினோ, டோனோவன் என்ற வீரனிடம் ஓர் இரவுக்கு அவனைக் காசுக்கு விற்றான். 9ஆம் தொகுதியில் கட்ஸும் காஸ்காவும் முதன்முறை நெருங்கும்போது அந்த இரவு அவனுக்குள் திரும்பி வருகிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவள் கழுத்தை நெரிக்கிறான். சுதாரித்த பிறகு, தன் கதையைச் சொல்கிறான். அவள் கேட்கிறாள், விலகிப் போகவில்லை.

40ஆம் தொகுதி இதன் மறுபக்கம். இரண்டு இடத்திலும் காயத்தைக் கிளறுவது பகைவன் அல்ல, நெருக்கம். நம்பிக்கைக்குரியவர் அருகே வந்து, காவல் தளரும்போதுதான் பழையது மேலே வருகிறது. துணைவருக்கு இது நேரும்போது ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று பலரும் புண்படுவார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கிரகணத்தில் பலியாகக் குறிக்கப்பட்டதன் அடையாளமாக, கட்ஸின் கழுத்திலும் காஸ்காவின் மார்பிலும் இருக்கும் பலிக்குறியும் இந்தப் பேச்சில் சேரும். அசுரம் அருகில் வந்தால் அது வலிக்கும், இரத்தம் கசியும். அதனால் கட்ஸ் இரவெல்லாம் விழித்திருந்து விடிந்த பிறகே கண்ணயர்வான். சதா உஷாராக இருக்கும் உடலை, இரவையே எதிரியாகக் கருதும் உறக்கமின்மையை இதைவிடத் துல்லியமாக வரைவது கடினம்.

மீட்சியின் படிகளை இந்தக் கதை சரியாகக் காட்டுகிறதா?

வரிசையைச் சரியாகக் காட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு வாழ்க்கையோடும் மனிதர்களோடும் மறுபடி இணைதல். கதையில் கனவுச் சடங்குக்கு முன் என்னென்ன நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சூனியக்காரி ஃப்ளோரா பலிக்குறியின் மேல் காப்புக்குறி இடுகிறாள், இரவுத் தாக்குதல்கள் குறைகின்றன. கட்ஸ் தனியாளாக இருந்த இடத்தில் ஒரு கூட்டம் சேர்கிறது. ஊட்டிவிடுவதும் உடை மாற்றுவதும் ஃபர்னீஸின் அன்றாட வேலையாகின்றன. தீய ஆவிகள் எளிதில் நுழைய முடியாத தீவை அடைகிறார்கள். அதன் பிறகே நினைவைத் தொடுகிறார்கள். பல தொகுதிகளுக்கு நீளும் முதல் கட்டம் அது. பாதுகாப்பு இல்லாத நிலையில் நினைவைத் தோண்டினால் நிலைமை மோசமாகும் என்பதால்தான் சிகிச்சையிலும் இந்த வரிசை.

எங்கே தவறுகிறது?

மூன்று இடங்களில். அறிந்துவைத்துக்கொள்வது முக்கியம்.

முதலாவது, காஸ்காவின் குழந்தைநிலை. வன்முறைக்குப் பிறகு நினைவிழப்பு, பேச்சு நிற்பது, மரத்துப்போவது எல்லாம் உண்மையில் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் முழுமையாகக் குழந்தையாகிவிடுவது கதைக்கான மிகைப்படுத்தல்.

இரண்டாவது, நினைவு என்பது எங்கோ பத்திரமாகக் கிடக்கும் துண்டு, எடுத்துப் பொருத்தினால் போதும் என்ற படிமம். மனித நினைவு அப்படி இயங்குவதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது மாறக்கூடியது. 1980, 90களில் மேற்கு நாடுகளில், ஹிப்னாஸிஸ் போன்ற உத்திகளால் ‘புதைந்த நினைவுகளை’ மீட்க முயன்ற சில சிகிச்சைகள் நடக்காததை நடந்ததாக நம்பவைத்தன. அதனால் குடும்பங்கள் உடைந்தன, வழக்குகள் நடந்தன. உங்கள் புதைந்த நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்று எவராவது சொன்னால் விலகி வாருங்கள்.

மூன்றாவது, சம்மதம். காஸ்காவின் மிக அந்தரங்கமான நினைவுகளை இரண்டு பேர் பார்க்கிறார்கள். அவள் சம்மதிக்கும் நிலையில் இல்லை. அன்போடு செய்தாலும் இது நிஜத்தில் செய்யத் தகாதது. எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைத் திருப்பித் தருவதுதான் மீட்சியின் முதல் வேலை.

நிஜத்தில் காஸ்காவைப் போன்ற பயத்துக்கு என்ன சிகிச்சை?

படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை ஒன்று உண்டு. எட்னா ஃபோவா வகுத்த இந்த முறையில் வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 60 முதல் 90 நிமிடம். அதில் ஒரு பகுதி, தவிர்த்து வரும் விஷயங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்தின் அளவைக் குறிப்பது. காஸ்கா போட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: கட்ஸின் பெயரைக் கேட்பது 30, அவன் வாளைப் பார்ப்பது 45, தூரத்தில் அவன் குரல் 55, முதுகு காட்டி நிற்கும் அவனை ஐம்பது அடி தள்ளி நின்று பார்ப்பது 65, முகம் 95. நடுவில் இருந்து தொடங்கி, பயம் தானாகத் தணியும்வரை அங்கேயே இருந்து, பிறகு அடுத்த படி. கதையில் நடந்ததோ எடுத்த எடுப்பிலேயே 95. தோல்வியில் ஆச்சரியமில்லை. அதன் பிறகு கட்ஸ் விலகி நிற்பது கோழைத்தனம் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறோம். அவனால் செய்ய முடிந்ததில் அதுதான் மிகச் சரியானது.

திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுகளுக்கு?

கனவை மாற்றி எழுதும் ஒத்திகை முறை இருக்கிறது. பேரி கிராக்கோவும் குழுவினரும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றே அமர்வுகள். ஒத்திகை செய்தவர்களுக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன, உறக்கம் மேம்பட்டது.

முறை எளிது. மிகக் கொடிய கனவை விட்டுவிட்டு, ஓரளவு தாங்கக்கூடிய ஒன்றை எடுங்கள். நடந்த சம்பவத்தை அப்படியே காட்டும் கனவும் வேண்டாம். அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதுங்கள். முடிவை மட்டும் மாற்றலாம், ஒரு கதவைச் சேர்க்கலாம், துரத்துவதைச் சிறியதாக்கலாம். மாற்றம் தர்க்கத்துக்கு உட்பட வேண்டியதில்லை, உங்களுக்குச் சரியென்று பட்டால் போதும். பிறகு பகலில், விழித்திருக்கும்போது, புதிய வடிவத்தை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். ஒரே வாரத்தில் பல கனவுகளை எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றிரண்டு போதும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பழைய கனவை மறுபடி மறுபடி எழுதிப் பார்ப்பது, முதல் நாளே மிகக் கொடிய கனவில் கைவைப்பது. ஒத்திகையில் படபடப்பு ஏறினால் நிறுத்திவிட்டு மனநல நிபுணரின் துணையோடு தொடருங்கள். கனவுத் தாழ்வாரத்தோடு ஒப்பிட்டால் இது நேர் எதிர்த் திசை. யாரும் உள்ளே இறங்குவதில்லை. நடந்ததை விவரிக்க வேண்டிய தேவையும் இல்லை. கனவு கண்டவரே அதைத் திருத்துகிறார்.

பாதிக்கப்பட்ட ஒருவர் இந்த மங்காவைப் படிக்கலாமா?

படித்து ஆறுதல் கண்டவர்கள் இருக்கிறார்கள், நிலைகுலைந்தவர்களும் இருக்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல. 13ஆம் தொகுதியை முழுவதும் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. என்ன நடந்தது என்பது மேலே உள்ளது, அதை வைத்துக்கொண்டு 14க்குப் போய்விடலாம். 21ஆம் தொகுதி வரையிலான கோபுரப் பகுதியிலும், 23லும் கடினமான பக்கங்கள் உண்டு. இரவில் படுக்கையில் வைத்துப் படிக்காதீர்கள். பகலில், ஓர் அத்தியாயத்தோடு நிறுத்துங்கள்.

நடுவில் மூச்சு முட்டினாலோ உடல் மரத்தாலோ புத்தகத்தை மூடிவிட்டுப் பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். தொட முடிந்த நான்கு, கேட்கும் மூன்று ஒலிகள், இரண்டு வாசனைகள், ஒரு சுவை என்று இறங்குங்கள். கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுக்கச் சொல்வார்கள். ஃபிளாஷ்பேக் வரும்போது கண்ணை மூடினால் சிலருக்கு அது கூடும், திறந்தே வைத்திருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய அரசு மனநல உதவி எண்கள் இருக்கின்றன.

ஒரு பெண்ணின் வலியை ஆணின் கதைக்கு எரிபொருளாக்கியிருக்கிறார்கள் என்ற விமர்சனம் சரியா?

பெருமளவு சரி. கட்ஸின் சிறுவயதுக் காயத்தை அவன் உள்ளிருந்தே காட்டிய கதை, காஸ்காவின் காயத்தை நெடுங்காலம் வெளியிலிருந்தே காட்டியது. அவள் சுமக்கப்பட்டாள், தொலைந்தாள், மீட்கப்பட்டாள், மறுபடி ஆபத்தில் வைக்கப்பட்டாள். கிரகணக் காட்சியே தேவைக்கு மேல் நீள்கிறது. கனவுத் தாழ்வாரம் அதற்குப் பரிகாரமாகிவிடாது. ஆனால் 13ஆம் தொகுதிக்குப் பிறகு முதல்முறையாகக் கதை அவள் தலைக்குள் நின்று உலகைப் பார்க்கிறது. இவ்வளவு தாமதமாக வந்ததே என்ற வருத்தமும், வந்த விதத்தின் மேல் மதிப்பும் எங்களுக்கு ஒருசேர இருக்கின்றன.

மியூரா மறைந்த பிறகு காஸ்காவின் கதை என்னவானது?

மியூரா 2021 மே 6 அன்று, 54 வயதில், பெருந்தமனிக் கிழிவால் காலமானார். அவர் வரைந்த கடைசி அத்தியாயமான 364 அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியானது. 2022 ஜூன் முதல் அவருடைய உதவி ஓவியர்களான ஸ்டூடியோ காகா குழுவினர், நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் தொடர்கிறார்கள். மியூரா தன்னிடம் சொன்ன கதையை மட்டுமே சொல்வேன் என்று மோரி அறிவித்திருக்கிறார்.

தொடர்ச்சியில் கிரிஃபித் காஸ்காவைத் தூக்கிச் செல்கிறான், எல்ஃப்களின் தீவு அழிகிறது, அவள் அவனுடைய நகரமான ஃபால்கோனியாவில் இருக்கிறாள். மூன்று கட்டங்களின் கணக்கில் பார்த்தால், இரண்டாவதில் கால் வைத்தவளிடமிருந்து முதலாவது பறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இம்முறை அவளுக்குப் பேச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது. புதிய அத்தியாயங்களைப் படிக்கும்போது, அவள் யாரால் மீட்கப்படுவாள் என்பதைவிட, அவளாக எடுக்கும் முடிவுகள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பாருங்கள்.